மனச்சோர்வு: மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு வீட்டில் என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 38. பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் கணவர், இரண்டு பிள்ளைகள், அம்மாவோடு வசிக்கிறேன். ஓர் அலுவலகத்தில் ஆறு ஆண்டுகளாகக் கணக்கு குமாஸ்தாவாக இருக்கிறேன். சில மாதங்களாக எதிலும் நாட்டமில்லை. அதிகாலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. ஆனால் ஆறரைக்கு எழ முடியவில்லை. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) மனச்சோர்வு என்று சொல்லி செர்ட்ராலின் மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாளாகச் சாப்பிடுகிறேன், குமட்டல்தான் மிச்சம். மருத்துவர் மாதம் ஒருமுறைதான் பார்ப்பார். மற்ற நாள்களை எப்படி ஓட்டுவது? கணவர் “மனசைத் தைரியமா வச்சுக்கோ” என்கிறார். அம்மா செய்வினை என்கிறார். வேலையை விட்டுவிடலாமா என்றிருக்கிறது. சில இரவுகளில், மறுநாள் விழிக்காமலே போனால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றுகிறது.

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தின் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். விழிக்காமலே போனால் நல்லது என்ற எண்ணம் இந்த நோயில் பலருக்கும் வருவதுதான். அதை மறைக்காமல் எழுதியது நல்லது. ஆனால் என்னிடம் எழுதியதோடு நின்றுவிடக் கூடாது. இன்றைக்கே கணவரிடம் இதே சொற்களில் சொல்லுங்கள். மாத்திரைகளை அவர் பொறுப்பில் கொடுத்துவிட்டு, அன்றன்றைக்கு உரியதை மட்டும் வாங்கிச் சாப்பிடுங்கள். மாதச் சந்திப்பு வரை காத்திராமல், இந்த வாரமே கிளினிக்குக்குப் போய் மருத்துவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். எப்படி, எப்போது என்று யோசிக்கிற அளவுக்கு அந்த எண்ணம் வளர்ந்தால், நேரம் பார்க்காமல் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு பினாங்கு பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், அல்லது 999-ஐ அழைக்க வேண்டும். பேசினால் போதும் என்றிருக்கும் வேளைகளில், சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவி எண்ணான 15555 காலை எட்டு மணி முதல் நள்ளிரவு வரை இருக்கிறது; பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. தற்கொலை எண்ணத்தை வெளியே சொன்னால் போலீஸ் வழக்காகிவிடும் என்ற பயம் நம் மக்களிடம் இன்னும் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்த தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவே 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. எண்ணத்தைச் சொல்வது அதற்கு முன்பும் குற்றமாக இருந்ததில்லை.

இனி நீங்கள் கேட்ட ‘மற்ற நாள்கள்’. அவற்றில் மிகக் கடினமான பகுதி காலைதான் என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது. வழக்கமான நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே விழித்துவிடுவதும், அந்த வேளையில் மனம் அடிமட்டத்தில் கிடப்பதும், மாலையாக ஆகச் சற்றே தெளிவதும் மனச்சோர்வின் அடையாளங்கள். உங்கள் சுபாவத்திலோ வளர்ப்பிலோ வந்த குறையாக அதை எண்ணாதீர்கள். இதிலிருந்து ஒரு நடைமுறை விதியை எடுத்துக்கொள்ளலாம்: காலை பத்து மணிக்கு முன் உங்கள் வாழ்க்கையைப் பற்றி எந்தத் தீர்ப்பும் எழுதாதீர்கள். வேலை, குடும்பம், தாயாக உங்கள் தகுதி, எதிர்காலம் ஆகியவற்றைப் பற்றி நான்கு மணிக்கு மனம் சொல்வதெல்லாம் நோய் பேசுகிற பேச்சு. அந்த நேரத்தில் அதோடு வாதாடிப் பயனில்லை.

விழித்த பிறகு இருபது நிமிடத்துக்கு மேல் படுக்கையில் புரளாதீர்கள். எழுந்து கூடத்துக்கு வந்து, மங்கலான விளக்கில் உட்கார்ந்து, துணி மடிப்பதைப் போன்ற சலிப்பூட்டும் வேலை ஒன்றைச் செய்யுங்கள். தூக்கம் கண்ணைக் கட்டினால் மறுபடி போய்ப் படுங்கள். கைப்பேசியைத் தொட வேண்டாம். தூங்கினாலும் தூங்காவிட்டாலும் எழும் நேரம் ஒன்றாகவே இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமையிலும் கூட. நம் ஊரில் ஆறரைக்கு இன்னும் இருட்டுதான். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வெளிச்சம் நன்றாக வந்ததும் நடைகூடத்திலோ சன்னலருகிலோ கொஞ்ச நேரம் நில்லுங்கள். உடலின் தூக்கக் கடிகாரத்தைச் சரிசெய்ய வீட்டு விளக்கைவிடக் காலை வெளிச்சம் பன்மடங்கு வலுவானது. மாலை மூன்று மணிக்கு மேல் தே தாரேக்கும் காப்பியும் வேண்டாம்.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமானதாக நான் கருதுவதைச் சொல்கிறேன். மனம் வந்தால் செய்யலாம் என்று காத்திருப்பதுதான் மனச்சோர்வு வைக்கும் பொறி. சோர்வு வந்ததும் மனிதர் ஒதுங்குகிறார். சமைப்பதை, தோழிக்குப் பேசுவதை, கோவிலுக்குப் போவதை ஒவ்வொன்றாக விடுகிறார். அப்படி விட்டவற்றோடு, நாள் முழுவதும் அங்கங்கே கிடைத்துவந்த சின்னச் சின்ன நிறைவுகளும் போய்விடுகின்றன. மனம் மேலும் வறண்டு, ஒதுங்குவது இன்னும் கூடுகிறது. 1970-களில் பீட்டர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தச் சுழலை விளக்கினார். பிறகு 1996-இல் நீல் ஜேக்கப்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் முழுச் சிகிச்சையின் அளவுக்கே, அன்றாடச் செயல்களை மீட்டெடுக்கும் பகுதி மட்டுமே பலன் தந்ததைக் காட்டியது. ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். முதலில் செயல், பிறகுதான் மனம் வரும். அதுவும் உடனே வராது, சில வாரங்கள் தாமதமாக வரும்.

இதைத் தொடங்க ஒரு பள்ளி நோட்டுப்புத்தகம் போதும். முதல் மூன்று நான்கு நாள்கள் எதையும் மாற்றாமல், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அப்போது மனம் பத்துக்கு எத்தனை என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். நாள் முழுக்க ஒரே கருப்பு என்றுதான் உங்களுக்குத் தோன்றும். ஆனால் எழுதிப் பார்க்கும்போது, சின்னவளுக்குத் தலை பின்னிய நேரம் மூன்று, கட்டிலில் கைப்பேசியோடு கிடந்த மதியம் ஒன்று என்று வேறுபாடு தெரியும். அந்த மூன்றுகள்தான் நமக்கு வேண்டியவை. அவற்றில் இரண்டை எடுத்து, மறுநாளைக்கு நேரம் குறித்து வையுங்கள்.

எதை எடுத்தாலும், வெட்கப்படும் அளவுக்குச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள். குளிப்பதே மலையாக இருக்கும் நாள்களில், துண்டையும் மாற்றுத் துணியையும் முந்தின இரவே குளியலறைக் கதவருகே நாற்காலியில் வைத்துவிடுங்கள். காலையில் உங்கள் வேலை நாற்காலி வரை நடப்பது மட்டுமே. அங்கே போனபின் முகம் கழுவ மட்டும் முடிந்தால் அதுவும் கணக்கில் சேரும். சமையலுக்கு மூன்று கறி வேண்டாம். ரைஸ் குக்கரில் சோறு, ஒரு சார்டின் டின்னைத் திறந்து வெங்காயமும் மிளகாயும் போட்டு ஒரு வதக்கல், அவ்வளவுதான் சாப்பாடு. முடியாத நாளில் கடைப் பொட்டலம். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். நடைக்கும் இதே முறைதான். முதல் வாரம் மின்தூக்கியில் இறங்கிக் கீழ்த்தளத்தில் இருக்கும் அஞ்சல் பெட்டிகள் வரை போய்த் திரும்புங்கள். அடுத்த வாரம் அடுக்குமாடியை ஒரு சுற்று. அது பழகிய பிறகு, ஞாயிறு காலை கணவரோடு தாவரவியல் பூங்காவுக்கோ ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுக்கோ போகலாம். உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைப்பதற்கு நல்ல சான்று உண்டு. ஆனால் முதல் நாளே ஒரு மணி நேரம் ஓடித் தோற்றுவிட்டு விடுவதைவிட, தினம் பத்து நிமிடம் நடப்பவருக்கே அது கைகொடுக்கும்.

இங்கே பலரும் சறுக்குவார்கள். நடந்து வந்தேன், ஒன்றும் இன்பமாக இல்லையே என்பார்கள். இன்பம் இப்போதைக்கு அளவுகோல் ஆகாது; செய்தோமா இல்லையா என்பதுதான் அளவுகோல். நோட்டில் ஒரு சரிக்குறி போட்டால் போதும். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்ட முயலாமல், அதே சின்ன அளவிலேயே தொடருங்கள்.

‘எனக்கு ஏன் இப்படி ஆயிற்று’ என்று திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருப்பதைக் கவனித்தால், அதற்கு விடை தேடாமல் ‘அடுத்த பத்து நிமிடம் என்ன செய்யப்போகிறேன்’ என்று மட்டும் கேட்டு, எழுந்து இடத்தை மாற்றுங்கள்.

மாத்திரையைப் பற்றி. செர்ட்ராலின் தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, சற்றுப் பதற்றம் வருவது சகஜம்; சாப்பாட்டுக்குப் பின் உட்கொண்டால் குமட்டல் குறையும், பெரும்பாலும் தானே அடங்கிவிடும். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரங்கள் ஆகும், முழுப் பலனுக்கு ஆறு வாரமோ மேலுமோ பிடிக்கலாம். கெடுதல் முதலில் வந்து நன்மை பிறகு வருவதால்தான் இத்தனை பேர் பத்தாவது, பதினைந்தாவது நாளில் நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் நிற்பது சரியாக அந்த இடத்தில். நிறுத்தாதீர்கள். ஆனால் உறக்கமே இல்லாமல் நிலைகொள்ளாமல் தவித்தாலோ, சாகும் எண்ணம் முன்பைவிடக் கூடினாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். இந்த வகை மருந்துகள் தூக்க மாத்திரையைப் போல அடிமையாக்குவதில்லை. எனினும் திடீரென்று விட்டால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும் என்பதால், விடும்போது மருத்துவர் சொல்லும் அளவில் மெல்லக் குறைக்க வேண்டும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டியிருக்கும். தைராய்டு சுரப்பிக் குறையும் இரத்தசோகையும் இதே சோர்வைத் தரக்கூடியவை. அந்த இரத்தப் பரிசோதனைகள் செய்யப்பட்டனவா என்று கேளுங்கள்.

அம்மாவோடு சண்டை வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நம் மலேசியாவில் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 4.6 பேருக்கு, அதாவது ஏறத்தாழ பத்து லட்சம் பேருக்கு, மனச்சோர்வு இருப்பதாகக் கணக்கிட்டது. 2019-இல் இருந்ததைப் போல இது இரண்டு மடங்கு. இத்தனை பேருக்கும் யார் செய்வினை வைத்திருக்க முடியும் என்று அவரிடம் மென்மையாகக் கேட்கலாம். அவரோடு கோவிலுக்குப் போய் வாருங்கள். வெளியே கிளம்புவதும் நாலு பேரைப் பார்ப்பதும் இந்த நோய்க்கு நல்லதே, பிரார்த்தனை ஆறுதல் தந்தால் மேலும் நல்லது. விரத நாளிலும் மாத்திரையை விட வேண்டியதில்லை. ஆனால் மருந்தை நிறுத்து, இத்தனை ஆயிரம் ரிங்கிட் கட்டு என்று சொல்லும் எவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். சிகிச்சையைத் தாமதப்படுத்தி நோயை முற்றவிடுகிறவர்களை நான் கடுமையாகவே பார்க்கிறேன், ஏனென்றால் அதன் விலையைக் கொடுப்பவர் நோயாளி.

கணவருக்கும் சில வார்த்தைகள். இந்தப் பத்தியை அவரிடம் காட்டுங்கள். ஐயா, தைரியமாக இரு என்று சொல்வது அன்பினால்தான் என்று தெரியும். ஆனால் நோயாளியின் காதில் அது, ‘உனக்குத் தைரியம் இல்லாததால்தான் இந்த நிலை’ என்று விழுகிறது. அதற்குப் பதிலாக, காலையில் பிள்ளைகளைக் கிளப்பும் பொறுப்பைச் சில மாதங்களுக்கு நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நடக்கப் போ என்று அனுப்பாமல், செருப்பை மாட்டிக்கொண்டு ‘வா, கீழே வரைக்கும் போய்ட்டு வரலாம்’ என்று கூப்பிடுங்கள். வாரம் ஒருமுறையாவது, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்க ஓர் ஆள் இருப்பதே பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

வேலையை இப்போது விட வேண்டாம். சம்பளம் மட்டும் காரணமில்லை. வேலை என்பது நாளுக்கு ஒரு வடிவத்தைக் கொடுப்பது, அது போனால் வெறுமையான பகல்கள்தான் மிஞ்சும். மேலும் நோயோடு எடுக்கும் பெரிய முடிவுகளுக்குக் குணமான பின் பலரும் வருந்துகிறார்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தவருக்கு ஆண்டுக்கு 22 நாள் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் சேர நேர்ந்தால் அதற்கு 60 நாள் வரை தனி. எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) எடுக்கத் தயங்காதீர்கள், ஆனால் எடுத்த நாளையும் படுக்கையில் கழிக்காமல் நோட்டில் குறித்த இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். வேலையிடத்தில் எல்லாரிடமும் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. நம்பகமான மேலாளர் ஒருவரிடம், சிகிச்சையில் இருக்கிறேன், கவனம் வேண்டிய கணக்குகளைச் சில வாரங்களுக்குப் பிற்பகலில் பார்க்க அனுமதியுங்கள் என்று கேட்டால் போதும்.

கிளினிக்குக்குப் போகும்போது நோட்டை எடுத்துக்கொண்டு, கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். பேசிச் செய்யும் சிகிச்சைக்காக உளவியலாளரிடமோ, பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ, அரசாங்கத்தின் மென்தாரி சமூக மனநல மையத்துக்கோ பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அரசு மருத்துவமனையின் சிறப்புப் பிரிவில் குடிமக்களுக்குக் கட்டணம் சில ரிங்கிட்தான். தமிழில் பேசக்கூடியவர் வேண்டும் என்றும் தயங்காமல் கேட்கலாம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஆறு வாரத்தில் தூக்கம், பசி, மனநிலை எதிலும் அசைவே இல்லை என்றால், அளவைக் கூட்டவோ மருந்தை மாற்றவோ வேண்டியிருக்கும். முதல் மருந்தே எல்லாருக்கும் பொருந்துவதில்லை, இரண்டாவது மருந்தில் தேறியவர்கள் ஏராளம்.