பெரிய அளவை நிலப்படம் ஏன் சின்ன இடத்தைக் காட்டுகிறது?

'பெரிய அளவை நிலப்படம் என்றால் பெரிய பரப்பைத்தானே காட்ட வேண்டும்?' என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, தலைகீழ். அளவை என்பது ஒரு பின்னம், படத்திலுள்ள தூரத்தைத் தரையிலுள்ள தூரத்தால் வகுத்தது; 1/10,00,000-ஐ விட 1/10,000 பெரியது, அவ்வளவுதான். 1/10,000 படத்தில் 1 செ.மீ. என்பது தரையில் 100 மீட்டர். தெருவின் வளைவுகூடத் தெரியும். மற்றதில் அதே 1 செ.மீ. 10 கிலோமீட்டர், சிற்றூர் வெறும் புள்ளி. வானிலையில் 'பெரிய அளவு' என்றால் பரந்த பரப்பு, குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. (பெரிய அளவைப் படத்தை நான் 'விவரமான படம்' என்றே சொல்லிவிடுவேன்.)

அப்புறம், அளவை மாறினால் விடையும் மாறும். கடற்கரையை 100 கி.மீ. கோலால் அளந்தால் ஒரு நீளம்; 1 கி.மீ. கோலால் அளந்தால் சிறு வளைவுகளும் முனைகளும் சேர்ந்து நீளம் கூடிவிடும். 1967-இல் கணிதவியலாளர் மாண்டல்பிராட் பிரிட்டனின் கடற்கரையை வைத்து எழுதியது இதைத்தான்.