செலவு செய்தும் விலை ஏறாத கார்

கேள்வி: பழைய போர்ஷே 911 காருக்குப் புது எஞ்சின், அகலமான டயர் என்று கொட்டிச் செலவு செய்தால் விலை ஏறத்தானே வேண்டும்? கை வைக்காத காருக்குத்தான் அதிகம் தருகிறார்களாமே, இது என்ன நியாயம்?
– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் ரசனைக்கு நீங்கள் செய்த செலவை அடுத்தவர் ஏன் திருப்பித் தர வேண்டும்? வேகம்தான் வேண்டுமென்றால் அவர் புதுக் காரே வாங்கிவிடுவாரே. 1973ல் தொழிற்சாலையை விட்டு எப்படி வெளியே வந்ததோ அப்படியே இருக்கும் கார்தான் அவருக்கு வேண்டும், அதனால்தான் எஞ்சின் நம்பர் தொழிற்சாலைப் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்க்கிறார். அது ஒத்துப்போகாவிட்டால் விலை அங்கேயே இறங்கிவிடும்.

911 கரேரா ஆர்எஸ் 2.7 இதற்கு நல்ல உதாரணம். பந்தயத்தில் ஓட்ட வேண்டுமானால் இத்தனை கார் செய்திருக்க வேண்டும் என்ற விதிக்காக 500 கார் செய்தால் போதும் என்று ஆரம்பித்தது, 1,500க்கு மேல் விற்றது. வாத்து வால் மாதிரி பின்பக்கம் தூக்கிய அதன் எஞ்சின் மூடியைச் சாதாரண 911ல் மாட்டிவிட்டால் ரோட்டில் போகிறவருக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நகல் என்று சொல்லி விற்றால் தப்பில்லை, அசல் என்று விற்றால் மோசடி.

அதற்காக எதையுமே தொடக்கூடாது என்றில்லை. 1961ல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பின் ஆரம்ப கார்களில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் (உரசாமல் கியர் விழ உதவும் அமைப்பு) கிடையாது, நெரிசலில் ஓட்டுகிறவர் பாடு திண்டாட்டம். ஐந்து கியர் பெட்டி, நல்ல ரேடியேட்டர், எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டு, கழற்றியதையெல்லாம் பத்திரமாக எடுத்துவைத்திருந்தால் பெரிய நஷ்டம் வராது, ஓட்டுவதற்கென்றே வாங்குகிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள். தகரத்தை வெட்டினால் கதை வேறு. ஜப்பானில் அகிரா நகாய் 911ன் மட்கார்டை ரம்பத்தால் அறுத்து அகலப்படுத்துகிறார், அதற்கென்று ரசிகர் கூட்டமே உண்டு (எனக்கென்னவோ வயிற்றைப் பிசையும்). ஆனால் அந்தக் கூட்டத்துக்கு வெளியே விற்பது கஷ்டம்.

‘அப்படியானால் சிங்கர்?’ என்று கேட்பீர்கள். சரி, கலிஃபோர்னியாவின் அந்த நிறுவனம் 1989 முதல் 1994 வரை வந்த, 964 என்ற 911 ரகத்தைப் பிரித்துப் போட்டு, ஏறக்குறைய எல்லாவற்றையும் மாற்றிக் கட்டுகிறது. அந்த கார் அசலைவிடப் பல மடங்கு விலை போகிறது. அது சிங்கர் என்ற பெயருக்கும் வேலைத் தரத்துக்கும் கிடைக்கிற விலை. அதே வேலையைப் பக்கத்துப் பட்டறையில் செய்தால் ரசீதுதான் மிஞ்சும்.

கேள்வி: பெயிண்ட் மட்டும் மாற்றலாமா?
– அதே வாசகர்

பதில்: பழைய நிறத்திலேயே அடியுங்கள், பிரச்சினையில்லை. வேறு நிறம் என்றால் கதவு இடுக்கிலும் பானெட்டுக்கு அடியிலும் பழைய நிறம் எட்டிப் பார்க்கும். ஜாகுவார் என்றால் தப்பவே முடியாது, தொழிற்சாலைப் பதிவைப் பார்த்து அவர்கள் தரும் ஹெரிடேஜ் சான்றிதழிலேயே முதலில் அடித்த நிறம் இருக்கும்.