பேசிங்கை நிறுத்தியதும் செல் தானாகத் துடிப்பது ஏன்?

சோடியம் சேனல்தான் காரணமோ என்ற உங்கள் எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முயலின் வென்ட்ரிக்கிள் (இதயக் கீழறை) செல்லை 3 ஹெர்ட்ஸில் பேஸ் செய்து, அதாவது நொடிக்கு மூன்று முறை மின்தூண்டல் கொடுத்து, நிறுத்தியதும் ஓய்வு மின்னழுத்தத்தில் ஒரு சின்ன மேடு எழுகிறது, சில தடவை அதுவே முழுத் துடிப்பாகிறது என்கிறீர்கள். முந்தைய துடிப்பு முழுதாக அடங்கிய பிறகு வருகிறது அல்லவா? அப்படியென்றால் பெரும்பாலும் கால்சியம்தான் காரணம்.

வேகமான பேசிங்கில், செல்லுக்குள் கால்சியத்தைச் சேமிக்கும் சார்கோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தில் கால்சியம் அளவுக்கு மேல் சேர்கிறது. அதன் கால்சியம் வாயில்களான ரயனோடின் ரிசெப்டர்கள் மின்தூண்டல் இல்லாமலே திறந்து, கால்சியம் அலையாகப் பரவும். அதை வெளியேற்றுவது சோடியம்-கால்சியம் எக்ஸ்சேஞ்சர்: ஒரு கால்சியம் வெளியே, மூன்று சோடியம் உள்ளே. +2 போய் +3 வருகிறது. மிஞ்சும் அந்த ஒரு நேர்மின்னூட்டம்தான் நீங்கள் பார்க்கும் மேடு. டிஜாக்சின் என்ற இதய மருந்தின் நச்சில் வரும் துடிப்புக் கோளாறுக்கும் இதே வழிதான்.

சோதிக்க, முதலில் 1 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். மேடு சிறுத்து, தாமதமாகவும் வந்தால் சந்தேகம் உறுதிப்படும். (மெதுவாக்கும்போது பெரிதானால் அது வேறு கதை, துடிப்பு முடியும் முன்பே எழும் வகையா என்று பாருங்கள்.) அப்புறம் செல்லுக்குள் போகும் பிப்பெட் கரைசலில், கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஈஜிடிஏவை 10 மில்லிமோலார் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். மேடு அடங்க வேண்டும்.

ஆனால் துடிப்பின்போது கால்சியத்தை உள்ளே விடும் எல்-வகை கால்சியம் சேனல் மூடும் வேகத்தையும் ஈஜிடிஏ மாற்றும், அதனால் துடிப்பின் நீளத்தை அந்தப் பதிவிலிருந்து எடுக்காதீர்கள். செல்களைப் பிரித்தெடுக்கும் என்சைமில் அடிபட்ட செல்களில் பேசிங் இல்லாமலே அலை ஓடும். அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.