உப்புக்காற்றும் ட்ரைபாடும்: கேள்வி–பதில்

கடற்கரையில் படம் எடுக்கிறவர்கள் கேமராவுக்கு மழை உறை போடுகிறார்கள், லென்ஸை மூச்சுக்கு மூச்சு துடைக்கிறார்கள். ஆனால் அலைக்குள் இறங்கி நிற்பது கேமராவைத் தாங்கும் முக்காலியான ட்ரைபாட். படப்பிடிப்பு முடிந்ததும் அது ஈரத்தோடு பைக்குள் போய்விடுகிறது. ஆறு மாதம் கழித்துக் கால் நீளவில்லை என்று என்னிடம் கொண்டுவருகிறார்கள். இந்த முறை ட்ரைபாட் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சார், நான் நாகப்பட்டினத்தில் படிக்கும் கல்லூரி மாணவன். கார்பன் ட்ரைபாட் துருப்பிடிக்காது என்கிறார்கள். பணம் சேர்த்து அதையே வாங்கட்டுமா, அலுமினியம் போதுமா?

கார்பன் குழாய் துருப்பிடிக்காது, உண்மைதான் தம்பி. ஆனால் கார்பன் ட்ரைபாட் என்று விற்பதில் குழாய் மட்டும்தான் கார்பன். மூன்று கால்களும் சேருகிற மேல்பகுதி, குழாய் முனையில் பசை வைத்து ஒட்டிய மரை வளையம் எல்லாம் பெரும்பாலும் அலுமினியம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். அதுவும் அலுமினியமும் சேரும் இடத்தில் உப்புத் தண்ணீர் தங்கினால் அந்த இடம் ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்யத் தொடங்கும். அதில் அரிக்கப்படுவது அலுமினியம். பழைய ட்ரைபாடின் மூட்டுகளில் வெள்ளையாகப் பொடி பூத்திருப்பதைப் பார்த்திருப்பாய், அது இந்த அரிப்புதான். ஆகவே கடலுக்குக் கார்பன் வாங்கினால் கவலையில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கார்பனின் நன்மை வேறு. எடை குறைவு, அதிர்வு சீக்கிரம் அடங்கும். நடந்து நடந்து இடம் தேடுகிறவருக்கு அது பெரிய விஷயம். ஆனால் பாறையில் விழுந்து அடிபட்டால் அலுமினியக் குழாய் நசுங்கும், கார்பன் குழாய் விரிசல் விடும்.

உன் இடத்தில் நான் இருந்தால் தடித்த குழாய் உள்ள அலுமினிய ட்ரைபாடை, மூன்று அடுக்குக் கால் உள்ளதாகப் பார்த்து வாங்குவேன். மூன்று அடுக்கு என்றால், நீட்டிய குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் லாக் மொத்தம் 6. நான்கு அடுக்கு என்றால் 9. லாக் ஒவ்வொன்றும் மணலும் உப்பும் நுழைகிற வாசல். மூன்று அடுக்கில் கடைசிக் குழாயும் நீளமாக இருக்கும், அதனால் கீழிருந்து முதல் லாக் தண்ணீருக்கு மேலேயே நிற்கும்.

அப்புறம், எத்தனை கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதே. எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட பொது அளவுமுறை அதற்குக் கிடையாது. கடையில் கால்களை முழுக்க நீட்டி, ட்ரைபாடின் தலையைப் பிடித்து லேசாகத் திருகிப் பார். பிறகு, ஒரு காலை முழுவதுமாகக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல். கழற்ற முடியாத ட்ரைபாட் கடலுக்கு உதவாது. விலையோ பெயரோ பொருளோ, எல்லாம் இதற்கு அடுத்ததுதான்.

திருகுகிற ட்விஸ்ட் லாக் நல்லதா, மடக்குகிற கிளிப் லாக் நல்லதா?

இரண்டிலும் மணல் போகும். ட்விஸ்ட் லாக்கில் மரைக்குள் மணல் போனால் நறநறவென்று சத்தம் கேட்கும், அப்போதே தெரிந்துவிடும். கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே திருகி, குழாயை வெளியே எடுத்துவிடலாம். கிளிப் லாக்கை வெளியிலிருந்து கழுவுவது சுலபம், பூட்டியிருக்கிறதா இல்லையா என்று தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் அதன் ஊசியும் திருகும் இரும்பாக இருந்தால் துரு அங்கேதான் ஆரம்பிக்கும், கழற்ற ஆலன் கீயும் வேண்டும். நான் ட்விஸ்ட் லாக் பக்கம்.

நான் தண்ணீரில் வைப்பதே இல்லை. காய்ந்த மணலில் நின்றுதான் எடுக்கிறேன். அப்படியும் திருகுகளில் துரு. எப்படி?

அலை உடையும்போது எழும் நுண்ணிய திவலைகள் காற்றோடு வந்து படிகின்றன. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. திவலையில் தண்ணீர் காய்ந்துபோகும், உப்பு போகாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரையும். கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கும். அடுப்படியில் கல் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதைப் பார்க்கிறோமே, அதே கதைதான். நம் கரையோர ஊர்களில் விடியற்காலை ஈரம் பல நாள் அந்த அளவைத் தாண்டிவிடும். அதாவது, நீங்கள் வீட்டுக்கு வந்து துணியால் துடைத்து வைத்த ட்ரைபாட், ராத்திரியில் அலமாரிக்குள்ளேயே மறுபடி நனைகிறது.

துடைப்பது போதாது. கழுவ வேண்டும்.

சரி, எப்படிக் கழுவுவது? எத்தனை நாளைக்கு ஒருமுறை?

இரண்டு கட்டமாகச் செய்யுங்கள்.

முதல் கட்டம் கரையிலேயே. கால்களை மடக்குவதற்கு முன்னால், நீட்டிய நிலையிலேயே நல்ல தண்ணீரை மேலிருந்து கீழே ஊற்றுங்கள். இந்த வரிசை முக்கியம். மணலோடு மடக்கினால் அந்த மணலை நீங்களே குழாய்க்குள் தள்ளிவிடுகிறீர்கள். நான் வண்டியில் 5 லிட்டர் கேன் ஒன்றை எப்போதும் வைத்திருக்கிறேன். கரையோர விடுதிக் குழாய்த் தண்ணீரை நம்ப வேண்டாம்; பல இடங்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

இரண்டாம் கட்டம் வீட்டில், அன்றைக்கே. ட்ரைபாடை அலைக்குள் வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும், வெறும் காற்று பட்டது என்றால் நாலைந்து முறைக்கு ஒரு தடவை, முழுவதும் கழற்றுங்கள். ஒரு சமயம் ஒரு கால் மட்டும். மூன்றையும் ஒரேயடியாகப் பிரித்துப் போட்டால் பாகங்கள் மாறிப்போகும். லாக்கை முழுக்கத் திருகிக் குழாயை உருவினால், அதன் மேல் முனையில் இரண்டு பிளாஸ்டிக் பட்டைகள் அரைவட்டமாக இருக்கும். அவற்றின் உள்பக்கக் குமிழ் குழாயிலுள்ள ஓட்டையில் உட்கார்ந்திருக்கும். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது தவறு வராது.

குழாய்களையும் பட்டைகளையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலும் பழைய பல் தேய்க்கும் பிரஷும் கொண்டு மரைகளைத் தேயுங்கள். கொதிநீர் வேண்டாம், ஒட்டிய பசை இளகிவிடலாம். கழுவியதை நிழலில், காற்றில், ஒரு ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். குழாயின் உட்புறமும் காய்ந்த பிறகு மரையில் மட்டும் சிலிக்கான் கிரீஸோ படகு எஞ்சின்களுக்குப் போடும் மரைன் கிரீஸோ மெல்லிசாகத் தடவுங்கள். குழாயின் மேல்பரப்பிலும் பட்டைகளிலும் கிரீஸ் படக்கூடாது. லாக் வழுக்கிக் கேமராவோடு கால் இறங்கிவிடும்.

கேமராவை எந்தப் பக்கமும் திருப்ப உதவும் உருண்டைத் தலையான பால் ஹெட்டைத் தண்ணீரில் முக்காதீர்கள். நனைத்துப் பிழிந்த துணியால் நாலைந்து முறை துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். அந்த உருண்டையில் எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது, அது உராய்வை நம்பித்தான் பிடிக்கிறது. கேமராவை மாட்டுகிற தட்டையும் தனியே கழற்றிக் கழுவுங்கள். அதன் 1/4 அங்குலத் திருகில் சேரும் உப்பு நேரே கேமராவின் அடிமரைக்குப் போகிறது.

இவ்வளவு வேலையா என்று கேட்பீர்கள். கரை திரும்பியதும் வெளியே மாட்டும் எஞ்சினை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுகிற படகுக்காரர்களைப் பாருங்கள். எவ்வளவு களைத்திருந்தாலும் அதை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அவர்களிடம்தான்.

தேங்காய் எண்ணெய் போட்டால் துரு வராது என்று நண்பர் சொல்கிறார். துரு எடுக்கும் ஸ்பிரே அடிக்கலாமா?

இரண்டும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுத்து மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்பிரே ஏற்கனவே இருக்கும் கிரீஸைக் கரைத்து வெளியேற்றிவிடும்.

மாமல்லபுரத்தில் அலையை 2 நொடி எக்ஸ்போஷரில் எடுத்தேன். எல்லாப் படமும் அசைந்திருக்கிறது. ட்ரைபாட் சரியில்லையா?

ட்ரைபாட் மேல் தப்பில்லை, மணல் நகர்ந்திருக்கிறது. அலை திரும்பிப் போகும்போது கால்களைச் சுற்றி மணலை அரித்துக்கொண்டு போகும்; நாம் வெறுங்காலோடு நிற்கும்போது பாதத்துக்கு அடியில் குழி விழுவதை உணர்ந்திருக்கிறோம் அல்லவா, அதேதான்.

முதலில் கால்களை அகலமாக விரித்து, ஒவ்வொன்றையும் உங்கள் எடையைக் கொடுத்து, லேசாக ஆட்டி ஆட்டி ஒரு சாண் அளவுக்காவது மணலுக்குள் இறக்குங்கள். ஒரு கால் கடலைப் பார்த்து இருக்கட்டும், மற்ற இரண்டுக்கும் நடுவில் நீங்கள் நில்லுங்கள். உடனே எடுக்காதீர்கள். இரண்டு மூன்று அலைகள் வந்து போகட்டும், ட்ரைபாட் எவ்வளவு இறங்க வேண்டுமோ அவ்வளவு இறங்கிவிடும். அதன் பிறகு ஃபிரேமைச் சரிசெய்து, அலை வந்து மோதி ஓய்ந்து திரும்பத் தொடங்கும் கணத்தில் எடுங்கள். கோடு கோடாக நுரை இழுபடும் அழகுக்கு அரை நொடியிலிருந்து 1 நொடி போதும். 2 நொடிக்கு மேல் போகப் போகக் கோடுகள் கரைந்து பால் மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று. வழக்கமாகத் தடித்த மேல் குழாய்களை முதலில் நீட்டு என்று சொல்லிக்கொடுப்பார்கள். தரையில் அது சரி. அலையில் தலைகீழாகச் செய்ய வேண்டும். மெல்லிய கடைசிக் குழாயை முதலில் முழுக்க நீட்டுங்கள், லாக் தண்ணீருக்கும் மணலுக்கும் மேலே வந்துவிடும். உறுதி கொஞ்சம் குறையும், நடுத்தண்டை உயர்த்தாமல் தாழ வைத்து அதை ஈடுகட்டலாம். லென்ஸின் அதிர்வுக் குறைப்பை அணைத்துவிடுங்கள். ஷட்டரைக் கையால் அழுத்தாமல் 2 நொடி டைமர் வையுங்கள்.

கடற்கரைக் கோயில் வளாகத்துக்குள் ட்ரைபாட் வைக்கத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும்.

தனுஷ்கோடியில் காற்று ட்ரைபாடையே தள்ளுகிறது. பையைக் கொக்கியில் தொங்கவிட்டேன், அப்படியும் ஆடுகிறது.

தொங்கும் பை காற்றில் ஊஞ்சலாடும், ஆட்டத்தை அதுவே கூட்டிவிடும். பையின் அடி மணலைத் தொடும்படி கயிற்றை நீளமாகக் கட்டுங்கள். எடை இழுக்கும், பை ஆடாது. கேமராவின் தோள்வாரைக் கழற்றிவிடுங்கள், அது பட்டம் மாதிரி படபடக்கும். காற்று வரும் திசைக்கு நீங்களே மறைவாக நின்றால் பாதிப் பிரச்சினை தீரும். முடிந்தால் விடியலில் போங்கள், பகல் ஏற ஏறக் கடற்காற்று பலக்கும். உலர்ந்த மணலில் கால் புதைந்தால் பழைய டப்பா மூடி மூன்றை அடியில் வைக்கலாம். ஈர மணலில் அது வேண்டாம், அலை மூடியோடு சேர்த்துத் தூக்கிவிடும்.

அண்ணா, ஒரு கால் நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. பிளையர் வைத்துத் திருப்பட்டுமா?

தயவுசெய்து வேண்டாம். எனக்கும் இப்படி ஆகியிருக்கிறது. ஒரு கார்த்திகை மாதம் தரங்கம்பாடியில் எடுத்துவிட்டு வந்து, வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாததால் பையைத் திறக்கவே இல்லை. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு லாக் கல்லாகிவிட்டன. அவசரப்பட்டு ஒன்றைப் பிளையரால் திருப்பினேன், குழாய் நெரிந்துபோனது. இன்னொன்றைப் பொறுமையாகக் காப்பாற்றினேன்.

அந்தப் பொறுமை வழி இது: ஒரு வாளி வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் அந்த லாக் முழுக்க மூழ்கும்படி காலை வைத்து, நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஒரு நாள் முழுக்க ஊறட்டும். உப்பு கரைந்தாலே பாதி லாக்குகள் விட்டுக்கொடுக்கும். பிறகு பழைய சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டி லாக்கின் மேல் இறுக்கிச் சுற்றிப் பிடித்துத் திருகுங்கள். இறுக்கும் பக்கம் துளி, தளர்த்தும் பக்கம் துளி என்று மாற்றி மாற்றித் திருப்பினால் உள்ளே இருக்கும் மணல் உதிரும். வினிகரில் ஊறவைக்கச் சொல்கிறார்கள்; நான் செய்வதில்லை, அமிலம் அலுமினியத்தையும் சேர்த்துத் தின்னும்.

கடலுக்கென்றே தனியாக ட்ரைபாட் வருகிறதாமே, வாங்கலாமா?

வருகிறது. கிட்ஸோ நிறுவனத்தின் ஓஷன் வரிசையில் லாக்குகள் நீர் புகாத அடைப்போடு வந்தன, உலோகப் பாகங்களில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பயன்படுத்தினார்கள். பிரிட்டனின் பென்போ நிறுவனம் வேறு வழியில் யோசித்தது. வழக்கமான ட்ரைபாடில் மெல்லிய குழாய் கீழே இருக்கும். பென்போவில் தடித்த வெளிக்குழாய் கீழே, அடி மூடியிருக்கும். அந்தக் குழாயின் உயரம் வரை தண்ணீரில் நின்றாலும் உள்ளே நீர் ஏறாது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு அது. வாரத்துக்கு மூன்று நாள் அலைக்குள் நின்று, அதிலேயே சம்பாதிக்கிறவர் இப்படிப்பட்டவற்றை வாங்கலாம். மாதம் ஒருமுறை போகிறவருக்கு நல்ல தண்ணீரும் ஒரு மணி நேரமும் போதும். அடைப்பு இருந்தாலும் கழுவத்தான் வேண்டும்.

காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொள்ளலாமா?

ஓட்டை விழுந்தால் உப்புத் தண்ணீரை உள்ளேயே தேக்கி வைக்கும், அலையும் பையைப் பிடித்து இழுக்கும். வேண்டாம்.

முட்டம் பாறைகளில் எடுக்க ஆசை. ரப்பர் கால் போதுமா, முள் கால் வேண்டுமா?

உலர்ந்த பாறைக்கு ரப்பர். பாசி படிந்த ஈரப்பாறைக்கு முள், அதிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 316 வகையாகக் கிடைத்தால் வாங்குங்கள். மாலிப்டினம் கலந்தது, உப்பைக் கூடுதலாகத் தாங்கும். ட்ரைபாட் விஷயம் அவ்வளவுதான்.

உங்கள் பாதுகாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதிகம். குமரிக் கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. எங்கோ தெற்கே, ஆழ்கடலில் எழுந்த நெடிய அலைகள், இங்கே காற்றோ மழையோ இல்லாத தெளிந்த நாளில் திடீரென்று கரையேறும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை விடுகிறது. கிளம்பும் முன் அதைப் பாருங்கள், கரையில் வலை காயப்போடுகிறவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். பாறையில் இறங்கும் முன் கால் மணி நேரம் மேலே நின்று அலை எதுவரை நனைக்கிறது என்று கவனியுங்கள், அந்த ஈரக்கோட்டுக்கு மேலேயே நில்லுங்கள். பெரிய அலை வந்தால் ட்ரைபாடையும் கேமராவையும் விட்டுவிட்டு மேலே ஏறுங்கள். தூக்கிக்கொண்டு ஏற நினைக்காதீர்கள்.