சிங்கப்பூர் எம்.பி.யின் வாழ்க்கை தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. வாழ்க்கை மாதிரி இருக்குமா?

இருக்காது. சிங்கப்பூரில் மாநிலமும் கிடையாது, உள்ளாட்சித் தேர்தலும் கிடையாது. ஊரில் கவுன்சிலர், எம்.எல்.ஏ., எம்.பி. என்று மூன்று பேர் பிரித்துச் சுமப்பதை இங்கே ஒரே ஆள் சுமக்கிறார். எங்கள் தொகுதி எம்.பி.யின் மக்கள் சந்திப்பில் கடிதம் எழுதித் தரும் தொண்டூழியன் நான். அங்கே பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்.

மக்கள் சந்திப்பு வாரம் ஒருமுறை, இரவில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அரசு அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் அமைப்பு) புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும். 1955இல், ஆங்கிலேயர் காலத்தில், சிங்கப்பூரின் முதலமைச்சராக இருந்த டேவிட் மார்ஷல் தொடங்கிவைத்த வழக்கம் இது. வருபவர் முதலில் எங்களிடம் உட்காருவார். ஊரில் கல்யாணம் செய்துவந்த மனைவிக்கு நீண்டகால வருகை அனுமதி கிடைக்கவில்லை, பார்க்கிங் அபராதம் கட்ட முடியவில்லை, மேல்வீட்டுத் தண்ணீர் ஒழுகுகிறது என்று எல்லாமே வரும். கேட்டு எழுதிவைப்போம், எம்.பி. அவரிடம் பேசிவிட்டு, திருத்திக் கையெழுத்துப் போடுவார். "ஐயா ஒரு போன் போட்டா முடிஞ்சிடாதா?" என்று தமிழ்நாட்டிலிருந்து வந்த சிலர் கேட்பதுண்டு. முடியாது. கடிதம் போகும், முடிவு அந்தந்த அமைப்பின் கையில். பல நாள் நள்ளிரவு தாண்டிவிடும். காலையில் அவர் தன் சொந்த வேலைக்குப் போக வேண்டும், ஏனென்றால் அமைச்சரல்லாத எம்.பி.க்கள் பலர் வக்கீலாகவோ டாக்டராகவோ வேலை பார்த்துக்கொண்டேதான் இதைச் செய்கிறார்கள். படித்தொகை ஆண்டுக்கு 1,92,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). குறைவு என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் நகர மன்றம். 1988இல் வந்த சட்டப்படி லிஃப்ட், நடைபாதை விளக்கு, குப்பை எல்லாம் எம்.பி.க்கள் நடத்தும் நகர மன்றத்தின் பொறுப்பு. நாடாளுமன்றத்தில் எவ்வளவு அருமையாகப் பேசினாலும் லிஃப்ட் நின்றால் திட்டு உறுதி.

எதிர்க்கட்சியில் ஜெயித்தால் கதையே வேறு. அந்தத் தொகுதியிலும் அடித்தள அமைப்புகளின் (அரசு ஆதரவோடு நடக்கும் குடியிருப்பாளர் குழுக்கள்) ஆலோசகராக மசெக, அதாவது ஆளும் மக்கள் செயல் கட்சி ஆளைத்தான் நியமிப்பார்கள். பல நேரம் அங்கே தோற்ற வேட்பாளரையே. ஜெயித்தவருக்குச் சமூக மன்றத்தின் ஆதரவு கிடைக்காது. இது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

நம்மவர்களில் ஜே.பி.ஜெயரத்தினத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1926இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த வக்கீல். 1968 முதல் நான்கு பொதுத்தேர்தல்களில் எல்லா இடங்களையும் மசெகவே பிடித்திருந்த நேரத்தில், 1981 அக்டோபர் 31 அன்று ஆன்சன் தொகுதி இடைத்தேர்தலில் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி சார்பில் ஜெயித்தார். 1984இல் மறுபடியும் ஜெயித்தார். 1986இல் கட்சிக் கணக்கு வழக்கில் தண்டனை பெற்றுப் பதவி இழந்தார். வக்கீல் பட்டியலிலிருந்தும் நீக்கினார்கள். 1988இல், அப்போது சிங்கப்பூர் வழக்குகளுக்கும் மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அவரை அந்தப் பட்டியலில் திரும்பச் சேர்த்தது, ஆனால் எம்.பி. பதவி திரும்பவில்லை. 1997இல் தொகுதியில்லா உறுப்பினராக (தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளர்களில் நன்றாக வாக்கு வாங்கியவருக்குத் தரும் இடம்) வந்தார், 2001இல் அவதூறு வழக்குகளால் திவாலாகி அதையும் இழந்தார். பிறகு எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலைய வாசலில் நின்று தன் புத்தகத்தைத் தானே விற்றார். 2008இல் சீர்திருத்தக் கட்சியைத் தொடங்கினார், அதே ஆண்டு செப்டம்பரில் காலமானார்.

நீங்களே நிற்க நினைத்தால்: குடியுரிமையும் 21 வயதும் வேண்டும், ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் நான்கில் ஒன்றில் பேச, படிக்க, எழுதத் தெரிய வேண்டும். சட்டப்படி தமிழ் மட்டுமே போதும். ஆனால் மக்கள் சந்திப்புக்கு வரும் சீனப் பாட்டிக்கு அந்தச் சட்டம் தெரியாது.