கென்யக் குடும்பத்துக்குப் பணமா, ஆடா?

வணக்கம் நண்பரே. பணமாகக் கொடுத்தால் குடித்தே தீர்த்துவிடுவார்கள், ஆடு வாங்கிக் கொடுப்பதே மேல் என்று உங்கள் மைத்துனர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் பலருக்கும் உண்டு. ஆனால் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் குடி, புகையிலைச் செலவு கூடியதாகத் தெரியவில்லை.

மேற்கு கென்யாவின் சியாயா மாவட்டத்தைப் பாருங்கள். அங்கே, ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கும் கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு அமைப்பு 10,500க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்குத் தலா சுமார் 1,000 டாலர் கொடுத்தது. பணம் கைப்பேசி வழியே நேராகப் போய்ச் சேர்ந்தது. இடையில் கை நீட்ட ஆளில்லை.

முதலில் மாறுவது பெரும்பாலும் கூரைதான். புல் கூரை மழைக்கு ஒழுகும், அடிக்கடி வேய வேண்டும், அதற்கும் காசு. தகரம் போட்டுவிட்டால் அந்தச் செலவு நின்றுபோகும். வெளியாள் பார்த்தால் ஆடம்பரம் என்பார். என்னைக் கேட்டால் அதுதான் சேமிப்பு. சிலர் மாடு வாங்குகிறார்கள், சிலர் பெட்டிக்கடை போடுகிறார்கள்.

சியாயாவில் பணம் கிடைக்காத அண்டை வீட்டாரின் வருமானமும் உயர்ந்தது. விலைவாசியோ ஏறக்குறைய அசையவே இல்லை.

ஆனால் பணம் பள்ளி கட்டாது, மருத்துவரைக் கொண்டுவராது. ஆடு கொடுக்க நினைத்தால், அதற்குத் தீவனமும் மேய்க்க ஆளும் அந்த வீட்டில் இருக்கிறதா என்று யோசியுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் பணமாகவே அனுப்புங்கள். என்ன வாங்குவது என்பதை அந்த வீட்டம்மா முடிவு செய்யட்டும்.