குதிக்கும்முன் கேளுங்கள்

வெளிநாட்டுச் சுற்றுலாவில் ஸ்கூபா (காற்று உருளையோடு கடலுக்கடியில் போவது), பங்கி (மீள்கயிறு கட்டி உயரத்திலிருந்து குதிப்பது), பாராகிளைடிங் (துணி இறக்கையில் தொங்கியபடி மலையிலிருந்து பறப்பது) என்று ஏதாவது ஒன்றைச் செய்து பார்க்க ஆசை, கூடவே உதறல். விடுமுறைக்கு முன் வந்த கடிதங்களில் பாதி இந்த ரகம். "பயத்தைப் போக்க வழி சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். எல்லாப் பயத்தையும் போக்க வேண்டியதில்லை. சில பயங்கள் சரியான காரணத்தோடுதான் வருகின்றன.

? தாய்லாந்தில் கோ தாவ் தீவுக்குப் போகிறோம். எனக்கும் கணவருக்கும் நீச்சல் தெரியாது. தண்ணீருக்குள் முகத்தை வைத்தாலே மூச்சு முட்டும். காது வலிக்கும் என்றும் பயமுறுத்துகிறார்கள். ஸ்கூபா செய்யலாமா?
– வாசகி, மதுரை

அறிமுக டைவுக்குப் பொதுவாக நீச்சல் தேர்வு இல்லை. பயிற்சியாளர் கூடவே இருப்பார், ஆழம் 12 மீட்டரைத் தாண்டாது. சான்றிதழ் தரும் 'ஓப்பன் வாட்டர்' படிப்பு வேறு. அதற்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். அதிகபட்சம் 4 பேர் என்பது வழக்கம். நீச்சல் தெரியாதவர்கள் 2 பேருக்கு மேல் இருந்தால் வேறு கடை பாருங்கள்.

மூச்சு முட்டுவதற்குக் காரணம் ஆழம் இல்லை, மூக்கு. மாஸ்க் என்ற கண்ணாடி முகமூடி கண்ணோடு மூக்கையும் சேர்த்து மூடிவிடும், வாயால்தான் மூச்சு. மாஸ்க்குக்குள் நாலு சொட்டுத் தண்ணீர் புகுந்து மூக்கைத் தொட்டதும்தான் பலரும் பதறி மேலே பாய்கிறார்கள். இதை வீட்டிலேயே பழகலாம். ஒரு ஸ்நார்க்கல் குழாய் வாங்கி, மாஸ்க் போடாமல், வாளித் தண்ணீரில் மூக்கு மூழ்கும்படி முகத்தை வைத்து, குழாய் வழியாக வாயால் மூச்சு விடுங்கள். முதல் நாள் 10 விநாடி போதும். ஒரு வாரத்தில் 1 நிமிடம் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். பக்கத்தில் யாராவது இருக்கட்டும். கடலில் மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால், மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திக்கொண்டு, சற்று அண்ணாந்து, மூக்கால் நிதானமாக ஊதுங்கள். கீழ் விளிம்பு வழியாகத் தண்ணீர் வெளியேறிவிடும்.

உங்கள் கணவருக்கு மீசை உண்டென்றால் அந்த வழியாகத்தான் தண்ணீர் கசியும். மீசையை எடுக்கச் சொல்லவில்லை! மூக்குக்கு நேர் கீழே ஒரு நூல் அகலத்துக்கு மழித்தால் மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு தோலில் நன்றாக உட்காரும்.

அடுத்து காது. 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. அதாவது முதல் 10 மீட்டரில் இரட்டிப்பு, அடுத்த 10-ல் அதன் ஒன்றரை மடங்குதான்; பெரிய மாற்றம் முதல் சில மீட்டர்களில்தான். '3 மீட்டரிலேயே வலிக்கிறதே, 12-ல் என்ன ஆகுமோ' என்ற கணக்கு தலைகீழானது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெல்ல ஊதினால் காதுக்குள் 'டப்'பென்று திறக்கும். நீர்மட்டத்திலேயே ஒரு முறை செய்துவிட்டு, பிறகு ஒவ்வொரு மீட்டருக்கும் செய்யுங்கள். வலி வந்த பிறகு செய்தால் திறக்காது, காதையும் மூக்கையும் உள்ளே இணைக்கும் குழாய் அதற்குள் அழுந்தி மூடியிருக்கும். முக்கி ஊதினால் செவிப்பறைக்குச் சேதம். வலித்தால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயல வேண்டும். சளி இருந்தால் அன்று இறங்கவே வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடியில் இருக்கும்போது மாத்திரை வீரியம் குறைந்தால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியின்றி வலி உயிர்போகும்.

மூச்சை மட்டும் எந்த நிலையிலும் அடக்கக் கூடாது. 10 மீட்டரில் இழுத்துப் பிடித்த காற்று, நீர்மட்டத்துக்கு வரும்போது இரு மடங்காக விரியும். நுரையீரல் கிழிய அது போதும். கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவதும் ஜாக்கிரதை. நம் ஊரில் அது 'சூப்பர்', நீருக்கடியில் 'மேலே போகிறேன்'. நன்றாக இருக்கிறேன் என்று சொல்லக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டுங்கள்.

நவம்பரில் போகிறீர்கள் என்றால் கோ தாவ் பக்கம் மழைக்காலம், கடல் கலங்கலாக இருக்கும். அப்போது மேற்குக் கரையில் புக்கெட் பக்கம் மேல்.

? கடைசி நாள் மாலை டைவ், மறுநாள் விடியற்காலை விமானம். பரவாயில்லையா?
– வாசகர், காரைக்குடி

கூடாது. அழுத்தத்தில் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் விமானத்தின் குறைந்த அழுத்தத்துக்குப் போனால், சோடா மூடியைத் திறந்தது போல் குமிழ் கட்டும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். 24 மணி நேரம் விட்டால் கணக்கே பார்க்க வேண்டாம். ஸ்கைடைவிங் (விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பது), மலையேற்றத்துக்கும் இதே விதி. கடலை முதலில் முடியுங்கள், மலையும் வானமும் பிறகு.

? நியூசிலாந்தில் படிக்கும் மகனைப் பார்க்கக் குயின்ஸ்டவுன் போகிறோம். அவனோடு பங்கி குதிப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். கயிறு அறுந்தால்? விளிம்பில் உறைந்து நின்றுவிட்டால்?
– வாசகர், கோவை

நல்ல இடத்தில்தான் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். வணிக முறையில் பங்கி தொடங்கியதே அந்த ஊர் அருகில் கவராவ் பாலத்தில்தான், 1988-ல். உயரம் 43 மீட்டர். அதே வட்டாரத்தில் நெவிஸ் என்ற இடத்தில் 134 மீட்டர், 8.5 விநாடி சும்மா விழுந்துகொண்டே இருக்கலாம். முதல் முறைக்குக் கவராவ் போதும். உயரம் குறைவு என்பதற்காகப் பயம் குறையாது என்பதும் உண்மை. 43 மீட்டரில் கீழே ஆறும் பாறையும் துல்லியமாகத் தெரியும்.

கயிறு அறுந்ததே இல்லை என்று சொல்ல மாட்டோம். 2011 கடைசி நாளில் ஆப்பிரிக்காவின் விக்டோரியா அருவிப் பாலத்தில் அறுந்து, குதித்த பெண் ஆற்றில் விழுந்து உயிர் பிழைத்தார். ஆனால் கயிற்றை விடக் கவனிக்க வேண்டியது மனிதத் தவறு: எடையைத் தவறாகக் குறிப்பது, நீளத்தைத் தவறாகக் கணிப்பது, கொக்கி மாட்டாமலே அனுப்புவது. 2015-ல் ஸ்பெயினில் ஓர் இளம்பெண், கயிறு பாலத்தோடு பிணைக்கப்படுமுன் குதித்து இறந்தார். பயிற்சியாளர் சொன்ன 'நோ ஜம்ப்' அவர் காதில் 'நவ் ஜம்ப்' என்று விழுந்திருக்கலாம் என்று வழக்கில் பேசப்பட்டது. மொழி தெரியாத ஊரில் இது சின்ன விஷயமில்லை. 'எந்தச் சொல்லுக்குக் குதிக்க வேண்டும்?' என்று முன்பே கேட்டு, அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியவை: கண் முன்னால் எடை போடுகிறார்களா, அந்த எண்ணைக் கையில் மார்க்கரால் எழுதுகிறார்களா, கயிறு மாட்டுமிடத்தில் இன்னொருவர் அதைச் சரிபார்க்கிறாரா. கணுக்காலில் துண்டு சுற்றி, அதன் மேல் பட்டை கட்டுவார்கள். இடுப்பில் தனியாக ஒரு ஹார்னஸ் (உடலைப் பிணைக்கும் பட்டை) மாட்டி அதையும் இணைக்க வேண்டும். கணுக்கால் கட்டு நழுவினால் அதுதான் காப்பு. கணுக்கால் கட்டு மட்டும்தான் என்றால் இறங்கி வந்துவிடுங்கள்.

உறைவது பற்றி. உயரத்தில் தலை சுற்றுவது வெறும் கோழைத்தனமில்லை. நேராக நிற்கக் கண் அருகிலுள்ள பொருள்களைப் பிடிமானமாகக் கொள்கிறது. விளிம்பில் அருகில் எதுவுமில்லை, அதனால் உடல் லேசாக ஆடும். அந்த ஆட்டத்தையே 'விழப் போகிறோம்' என்று மூளை படித்துக்கொள்ளும். கீழே பார்க்காமல் எதிர்மலை உச்சியில் ஒரு புள்ளியைப் பிடியுங்கள். முழங்காலை விறைக்காதீர்கள். 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை விடுங்கள். நான்கைந்து முறை போதும். கால் கட்டை விரல்கள் விளிம்பைத் தாண்டி இருக்கட்டும், கைகள் விரியட்டும், மூன்று-இரண்டு-ஒன்று என்ற முதல் எண்ணிக்கையிலேயே போய்விடுங்கள். 'இன்னொரு தடவை எண்ணுங்க' என்று கேட்கக் கேட்கக் கால் கனக்கும். காலை முதலில் விட்டு இறங்குவது போலக் குதித்தால் கயிறு கணுக்காலை வெடுக்கென்று சுண்டித் திருப்பும், முதுகு பிடித்துக்கொள்ளும். மரக்கிளையிலிருந்து குளத்தில் பாய்வது போல் மார்பை முன்னே தள்ளி முன்னோக்கிச் சாயுங்கள்.

குதிக்க முடியவில்லை என்றால் திரும்பி வரலாம். நல்ல இடத்தில் யாரும் தள்ளிவிட மாட்டார்கள். பணம் பெரும்பாலும் திரும்பாது, மகனின் கிண்டலுக்கும் காப்பீடு கிடையாது.

? எனக்கு மைனஸ் 7 கண்ணாடி. கணவருக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை. பங்கி குதிக்கலாமா?
– வாசகி, சேலம்

தலைகீழாகத் தொங்கும்போது ரத்தம் தலைக்கும் கண்ணுக்கும் பாயும். அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு விழித்திரை மெலிந்திருக்கும். விழித்திரையில் ரத்தக் கசிவு ஏற்பட்ட பங்கி விபத்துகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. நீங்கள் குதிக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கண் மருத்துவர் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்த்துச் சரி என்றால் மட்டும் யோசியுங்கள். கணவர் தன் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. கர்ப்பம், வலிப்பு, க்ளாக்கோமா (கண் அழுத்த நோய்), கழுத்து–முதுகுப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் பங்கி இல்லை.

? துபாயில் ஸ்கைடைவிங். என் எடை 102 கிலோ. படிவத்தில் 98 என்று போட்டால் போதுமா?
– வாசகர், சென்னை

அங்கே தராசு இருக்கிறது, ஏறச் சொல்வார்கள். உங்களைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு ஒரு பயிற்சியாளர் குதிப்பார், இருவர் எடையும் சேர்ந்துதான் பாராசூட்டின் கணக்கு. பல இடங்களில் எல்லை 95 முதல் 100 கிலோ வரை. முன்பே உண்மையைச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால் பணமாவது மிஞ்சும்.

உயரப் பயம் உள்ளவர்களுக்குப் பங்கியை விட இதுவே எளிது. சுமார் 13,000 அடியில் தரை வரைபடம் போலத் தட்டையாகத் தெரியும், 'உயரம்' என்ற உணர்வே வராது. ராட்டினத்தில் வரும் வயிற்றைக் கவ்வும் உணர்வும் இருக்காது, விமானம் ஏற்கெனவே வேகமாகப் போய்க்கொண்டிருப்பதால். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ ஒரு நிமிடம் விழுவீர்கள், சுமார் 5,000 அடியில் பாராசூட் விரியும். மூச்சு விட முடியவில்லை என்று தோன்றினால் ஓங்கிக் கத்துங்கள். கத்த மூச்சு வெளியே போக வேண்டும், போனால் உள்ளே தானாக வரும். கதவருகில் உடம்பை வாழைப்பழம் போல் வளைத்து, தலையைப் பயிற்சியாளர் தோளில் சாய்த்து, கால்களைப் பின்னே மடக்குங்கள். தரையிறங்கும்போது இரண்டு காலையும் நன்றாக முன்னால் தூக்குங்கள். தூக்காமல் விட்டு கணுக்காலை முறித்துக்கொள்வது இதில் பொதுவாக நடக்கக்கூடிய விபத்து. பதிவைப் பயணத்தின் முதல் நாட்களிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காற்று பலமானால் தள்ளிப்போடுவார்கள்.

? நேபாளம் பொக்காராவில் பாராகிளைடிங் செய்ய அம்மாவுக்கு ஆசை. வயது 61. முழங்கால் வலி உண்டு.
– வாசகி, நாகர்கோவில்

வயது தடையில்லை, முழங்கால்தான் கேள்வி. சுமார் 1,600 மீட்டர் உயரத்திலுள்ள சாரங்கோட்டிலிருந்து கிளம்பி, சுமார் 800 மீட்டரில் பேவா ஏரிக்கரையில் இறங்குவார்கள். கிளம்பும்போது சரிவில் பத்தடியாவது ஓட வேண்டும். பெரும்பாலானவர்கள் சொதப்புவது இங்கேதான்: இறக்கை தூக்கியதும் 'பறந்துவிட்டோம்' என்று நினைத்து உட்கார்ந்துவிடுவார்கள், மொத்த எடையும் கூடப் பறக்கும் பைலட் மீது விழும். கால் தரையை விட்ட பிறகும் காற்றில் இரண்டு எட்டு ஓட வேண்டும். அம்மாவால் வீட்டு வாசலில் பத்தடி வேகமாக நடக்க முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

புடவை வேண்டாம், சுடிதார், கணுக்காலை மூடும் ஷூ. சாப்பாடு லேசாக. வெயில் ஏறினால் அனல்காற்று தூக்கித் தூக்கிப் போடும், குமட்டும். காலையிலேயே போங்கள். 'சுழற்ற வேண்டாம்' என்று பைலட்டிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் உற்சாகத்தில் வட்டமடித்துக் காட்டுவார். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை நல்ல பருவம்.

? பயணக் காப்பீடு எடுத்தாயிற்று. போதுமா?
– வாசகர், திருப்பூர்

பாலிசியில் 'விலக்குகள்' பக்கத்தைப் படியுங்கள். சாதாரணப் பாலிசிகளில் சாகச விளையாட்டு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தனிச் சேர்க்கையாக வாங்கினாலும் விளையாட்டின் பெயர், ஸ்கூபா என்றால் ஆழ எல்லை, 'உரிமம் பெற்ற நிறுவனம்' என்ற நிபந்தனை இவற்றைப் பாருங்கள். மது அருந்தியிருந்தாலோ பழைய நோயை மறைத்திருந்தாலோ பணம் வராது. ஸ்கூபாவுக்கு, நைட்ரஜன் குமிழ் கட்டினால் தரும் அழுத்த அறைச் சிகிச்சை சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள், அதன் செலவு பெரிது. நியூசிலாந்தில் சுற்றுலாப் பயணிகளுக்கும் விபத்துக் காயச் சிகிச்சையில் ஏ.சி.சி. என்ற அரசுத் திட்டம் உதவும். ஆனால் நோய்க்கும், ஊருக்குக் கொண்டுவரும் செலவுக்கும் அது உதவாது. பாலிசி எண்ணையும் அவசர எண்ணையும் காகிதத்தில் எழுதித் துணையாக வருபவரிடம் கொடுங்கள்.

? குதிக்கும்போது செல்போனில் வீடியோ எடுக்கலாமா?
– வாசகர், திருச்சி

விட மாட்டார்கள். கீழே நிற்பவர் தலையில் விழுந்தால்? சட்டைப்பையில் இருப்பவை, மோதிரம், கொலுசு எல்லாவற்றையும் எடுத்து லாக்கரில் வைக்கச் சொல்வார்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லை என்றால் டேப் போட்டு உடம்போடு ஒட்டித் தருமாறு கேளுங்கள். மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம்.